பனசோனிக் எச்.சி.-வி785: வீட்டுக் கணினியில் வீடியோ தொகுப்பவர்களுக்கு ஏற்ற கமரா

மகளின் நடன அரங்கேற்றத்தை யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் நானே பதிவுசெய்து, வீட்டிலுள்ள 8 ஜிபி ரேம் கொண்ட சாதாரண கணினியிலேயே தொகுக்க வேண்டும் என்ற விருப்பத்தால் இந்தக் கமராவைத் தேர்ந்தேன். அதற்கு முன், மச்சான் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த வேறொரு கமரா கைவசம் இருந்தது. அது வினாடிக்கு 60 சட்டகங்கள் (தனிப் படங்கள்) என்ற வட அமெரிக்க முறையில் மட்டுமே பதிவுசெய்யும். இலங்கையில் எங்கள் மின்சாரமோ 50 ஹேர்ட்ஸ். ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்றவும் அதில் வழியில்லாததால், ரியூப் லைட்டின் கீழ் எடுத்த காட்சிகளிலெல்லாம் ஒளி துடித்துக்கொண்டே இருந்தது. வெளிநாட்டு உறவினரிடம் கமரா சொல்லிவிடுபவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்: ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விற்கப்படுபவை 50 சட்டக முறையைச் சேர்ந்தவை என்பதால் எங்களுக்குப் பொருந்தும்.

வி785 இன் 20 மடங்கு ஒளியியல் சூம், மண்டபத்தின் பின்வரிசையிலிருந்தே முகபாவங்களைப் பிடிக்கப் போதுமானது. வெளி மைக் பொருத்தும் துளையும் உண்டு. மிருதங்கமும் பாட்டும் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் அது கட்டாயம் தேவை. ஒளியைப் பிடிக்கும் உணரி சிறியது, விளக்கணைத்த மேடையில் பெரிய உணரி கொண்ட கமராவுக்கு இது ஈடாகாது.

எனினும் நான் இதை வாங்கியதற்குக் காரணம் அது எழுதும் கோப்புத்தான். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் 4கே கமராவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 45 ஜிபி ஆகும். வி785 இல் 28 மெகாபிட்டில் எழுதும் முழு எச்டி பதிவோ 13 ஜிபிக்குள் அடங்கிவிடும். பழைய கணினி திணறாமல் இழுத்துச் செல்லக்கூடிய எல்லை இதுவே. இது எழுதும் ஏ.வி.சி.எச்.டி., எம்பி4 என்ற இரண்டு கோப்பு வடிவங்களில் நான் எம்பி4 ஐயே பரிந்துரைப்பேன். ஏ.வி.சி.எச்.டி.யில் ஒலி பெரும்பாலும் டொல்பி என்ற ஒலிச் சுருக்க முறையில் பதிவாவதால், சில தொகுப்பு மென்பொருள்களில் படம் திறந்தாலும் சத்தம் வராது. ஏ.வி.சி.எச்.டி.யில்தான் எடுக்க வேண்டுமென்றால், உள்ளிருக்கும் கோப்புகளைத் தனித்தனியே பிரித்தெடுக்காமல் நினைவக அட்டையின் கோப்புறை முழுவதையும் அப்படியே பிரதிசெய்யுங்கள். வர்ணம் போன்ற நீண்ட நடன உருப்படி ஒன்று பல கோப்புகளாக வெட்டுப்பட்டிருக்கும், அவற்றைத் தொடர்ச்சியாக இணைக்கும் விவரம் அந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது.

எந்தக் கமராவானாலும் பணம் கொடுக்குமுன் உங்கள் அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய், இரண்டு நிமிடம் பதிவுசெய்து, வீட்டுக் கணினியில் ஒருமுறை தொகுத்துப் பாருங்கள்.