புனே திரைப்படக் கல்லூரி: ஒரு மதிப்பீடு

புனேயில் பிரபாத் ஸ்டுடியோ இயங்கிய வளாகத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம், இத்துறையைப் பயில விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் இடம். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தனித்தனியே மூன்றாண்டுகள் கற்பவர்கள் பயிற்சிப் படங்களுக்காக ஒரே குழுவாக உழைக்க வேண்டியிருப்பதால், தம் வேலையில் நேரும் சிறு பிசகு அடுத்தவர் வேலையை எப்படிக் கெடுக்கும் என்பதைப் படப்பிடிப்புத் தளத்திலேயே உணர்ந்துவிடுகிறார்கள். எந்தப் பாடநூலும் இதைக் கற்றுத்தராது. 1964-ல் உருவான தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அருகிலேயே இருப்பது கூடுதல் வசதி. தொலைக்காட்சிப் பிரிவின் படிப்புகளோ ஓராண்டில் முடிந்துவிடுகின்றன. கருவிகளில் கை பழகும் வேளையில் விடைபெற நேர்வது எனக்குக் குறையாகவே படுகிறது. வளாகத்து மாமரத்தடி விவாதங்கள் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், அவற்றையும் படிப்பின் பகுதியாகவே கொள்ளலாம்.