சொல்லைப் படமாக்கும் செயலி: நூல் அட்டைப் பணியில் ஒரு மதிப்பீடு

2022ஆம் ஆண்டில் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதலியவை பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் பெருகிய படம் உருவாக்கும் செயலிகளுள் ஒன்றை, மூன்று மாதங்களாக நூல் அட்டை வடிவமைப்பில் பயன்படுத்திப் பார்த்தேன்.

தொடக்கக் கட்டத்தில் இது நல்ல துணை. கையால் வரைய ஒரு நாள் ஆகும் மாதிரிகள் சில நிமிடங்களில் கிடைக்கின்றன; நிறம், ஒளி குறித்து வாடிக்கையாளருடன் பேச அவை போதும்.

இடர்ப்பாடு அதன்பிறகே தொடங்குகிறது. ஒழுங்கின்றிச் சிதறிய இரைச்சல் புள்ளிகளிலிருந்து படிப்படியாகப் படத்தைத் தெளிவுபடுத்தும் இச்செயலி, தான் கற்ற பயிற்சிப் படங்களில் மிகுதியாகக் கண்ட அமைப்பை நோக்கியே சாய்வதால், தனிமை என்று கேட்டால் சன்னலோர உருவமும் மங்கிய நீல ஒளியுமே திரும்பத் திரும்ப வருகின்றன. அதைவிட என்னைக் கவலைக்குள்ளாக்கியது என் மனப்போக்குதான்: முதலில் வந்த அழகிய படத்தைக் கடந்து வேறொன்றை எண்ண மனம் மறுத்தது. ஆகவே, பென்சிலால் பத்துக் கோட்டோவியங்களாவது வரைந்த பின்னரே இப்போது செயலியைத் திறக்கிறேன். (அவற்றுள் ஒன்பது குப்பைக்குப் போவது வேறு செய்தி.)

அச்சுக்குச் செல்லும்போது கைத்திறன் இன்றியமையாதது. 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட படம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் தரத்தில் ஏறத்தாழ 3.4 அங்குல அகலத்துக்கே போதும். எனக்குக் கிடைத்த படங்கள், தனித்தனியே திருத்தக்கூடிய அடுக்குகளாகப் பிரிந்து வரவில்லை, எழுத்துகளும் அடிக்கடி சிதைந்தன. எழுத்திடைவெளியைச் சீர்செய்யக் கற்றவருக்கு இச்செயலியைப் பரிந்துரைப்பேன். பிழையைக் காணும் கண் இன்னும் பழகாத முதலாண்டு மாணவருக்கு இப்போது வேண்டாம்.