ஹார்ட் பேக்கேஜில் வரும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி.: இளவயதினர் காசு கொடுக்கலாமா?

லேப்கள் விற்கும் இதயப் பரிசோதனைத் தொகுப்பில் (ஹார்ட் பேக்கேஜ்) வரும் இந்த ரத்தச் சோதனைக்குக் காசு கொடுக்கலாம், ஆனால் அதை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கும் புரதம் சி.ஆர்.பி. அதை மிகச் சிறிய அளவிலும் பிடிப்பதுதான் ஹெச்.எஸ். (ஹை சென்சிட்டிவிட்டி) வகை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம்.

‘இந்த வயசுல எதுக்கு?’ என்பவர்களுக்கு ஒரு பழைய தகவல். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் இருந்தது. நாற்பதில் வரும் மாரடைப்புக்கு இருபதுகளிலேயே விதை விழுந்துவிடுகிறது.

பேக்கேஜில் முதல் கோளாறு பெயரிலேயே வரும். சில லேப்கள் சாதா சி.ஆர்.பி.யைப் போட்டுவிடுகின்றன. ரிப்போர்ட்டில் ‘5-க்குக் கீழ், நார்மல்’ என்று மட்டும் இருந்தால் அது காய்ச்சல், தொற்று பார்க்கும் சோதனை. 0.6-க்கும் 3.8-க்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது. அடுத்தது அலகு. ‘0.28’ என்று பார்த்ததும் சந்தோஷப்படாதீர்கள்; பக்கத்தில் மி.கி./டெ.லி. (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்றிருந்தால் பத்தால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 2.8, அதாவது உயர் எல்லைக்குப் பக்கத்தில்.

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் சளி, காய்ச்சல், பல்வலி, தடுப்பூசி, கடும் உடற்பயிற்சி, காயம் எதுவானாலும் எண்ணை ஏற்றிவிடும். சரியாகி இரண்டு வாரம் போன பிறகே ரத்தம் கொடுங்கள். 10-க்கு மேல் வந்தால் இதயத்தோடு முடிச்சுப் போடாமல், தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஒரே தடவை வந்த எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து சராசரி பார்ப்பதே முறை. பேக்கேஜ்காரர்கள் இதைச் சொல்வதில்லை என்பது பெரிய குறை.

இரண்டு முறையும் 3-க்கு மேல் நின்றால்? சிகரெட், தொப்பை, ஈறு நோய், முடக்குவாதம், சோரியாசிஸ் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் எண்ணை உயர்த்தும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அங்கிருந்தே தொடங்கலாம். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதென்றால் பல் டாக்டரிடம் போவதும் இதய வேலைதான்.

இந்த எண்ணை வைத்து மட்டும் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) கேட்காதீர்கள். ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 2-க்கு மேல் உள்ளவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைக் கொடுத்துப் பலன் கண்ட ஜூபிடர் ஆய்வில் (2008) சேர்ந்தவர்கள் 50 தாண்டிய ஆண்களும் 60 தாண்டிய பெண்களும். 2017-இன் கான்டோஸ் ஆய்வு, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கியே மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்து சுமார் 15 சதவீதம் குறைத்தது. அழற்சிக்குப் பங்குண்டு என்பதற்கு அது வலுவான சாட்சி. ஆனால் அதில் இருந்தவர்கள் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள். 27 வயதுக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சி.ஆர்.பி. புகைதான், நெருப்பு அல்ல; அந்தப் புரதமே அடைப்பை உண்டாக்குவதாக மரபணு ஆய்வுகள் காட்டவில்லை.

பல பேக்கேஜ்களில் உண்மையில் விடுபடுவது லிப்போபுரோட்டீன் (ஏ). எல்.டி.எல். போல ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்புத் துகள் இது; பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகும் அளவு. தெற்காசியர்களிடம் உயர்ந்திருப்பது சகஜம். வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெ.லி.க்கு 50 மி.கி. அல்லது லிட்டருக்கு 125 நானோமோல் தாண்டினால் டாக்டரிடம் பேச வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எழுபது எண்பது சோதனை அடங்கிய பேக்கேஜை விட லிப்பிட் புரொஃபைல் (கொழுப்புச் சோதனை), லிப்போபுரோட்டீன் (ஏ), ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரிச் சர்க்கரை), ஹெச்.எஸ். சி.ஆர்.பி. ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பி.பி.யும் பார்த்துவிடுங்கள். பணம் கட்டும் முன் பில்லில் ‘ஹெச்.எஸ்.’ என்ற எழுத்து இருக்கிறதா, அந்த லேபின் என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய தர வாரியம்) அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் பொருந்துமா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.