கப்போனி சிற்றாலயம், ஃபுளோரன்ஸ்: கையில் சில்லறையோடு போங்கள்

பொன்டே வெக்கியோ பாலத்தின் நகைக்கடைக் கூட்டத்தில் இடிபட்டுப் பிட்டி அரண்மனைப் பக்கம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், இடது கையில் வரும் குட்டிச் சதுக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே உள்ளடங்கி நிற்கும் சான்டா ஃபெலிசிட்டா தேவாலயம் வெளித்தோற்றத்தில் சுமார்தான். முகப்பை ஒட்டி மேலே ஓடுவது 1565இல் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி கட்டிய நடைவழி. அன்று ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தார் கீழே இறங்காமலே திருப்பலி காண உள்ளே ஒரு மாடமும் உண்டு. பணக்காரர் பக்தி!

நுழைந்ததும் வலது பக்கம் முதலில் வருவதுதான் கப்போனி சிற்றாலயம். கட்டியவர் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி. 1525இல் இதை வாங்கிய லுடோவிக்கோ கப்போனி, ஓவிய வேலையை ஓவியர் பொன்டோர்மோவிடம் கொடுத்தார். அவர் மூன்று வருஷம் ஒருத்தரையும் எட்டிப் பார்க்க விடாமல் அடைத்துக்கொண்டு வரைந்தார் என்கிறார், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதிய அதே வசாரி.

கிராதிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். உள்ளே மங்கலாக இருக்கும். பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். அதற்குத்தான் சில்லறை.

பீடத்தின் மேல், பத்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் பொன்டோர்மோவின் அந்தப் படம். இறந்த இயேசுவைச் சுமந்து போகிறார்கள். ஆனால் சிலுவை இல்லை, ஏணி இல்லை, தரைகூடப் பேருக்குத்தான். முன்னால் குந்தியிருக்கும் இளைஞன் அவ்வளவு பாரத்தையும் கால் விரல் நுனியில் தாங்குகிறான். அவன் முதுகில் இருப்பது சட்டையா தோலா என்றே பிடிபடவில்லை, அப்படி ஒரு ரோஸ். துணி வியாபாரத்தில் இருந்தவன் நான், கண் நிறத்துக்குத்தான் போகும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துப் பட்டு திரும்பத் திரும்ப மாறுமே, அதைத் தூரிகையால் செய்திருக்கிறார் மனுஷர். துக்கக் காட்சிக்கு இளநீலமும் ரோஸுமா என்று முதலில் உறுத்தியது. பார்க்கப் பார்க்க, கறுப்பு போட்டிருந்தால் இவ்வளவு கலங்கடித்திருக்காது என்று பட்டது. வலது ஓரத்தில் தாடியோடு எட்டிப் பார்ப்பவர் பொன்டோர்மோவேதான் என்கிறார்கள்.

வலப்புறச் சுவரில் சன்னலுக்கு ஒரு பக்கம் தேவதூதன், மறுபக்கம் மரியாள். மேலே வட்டங்களில் நான்கு நற்செய்தியாளர்கள். அதில் பொன்டோர்மோவின் சீடர் பிரான்சினோவின் கையும் உண்டு. குவிமாட ஓவியம் 18ஆம் நூற்றாண்டில் கோயிலைத் திருத்திக் கட்டியபோது போய்விட்டது, வயிற்றெரிச்சல்.

மீதிக் கோயிலுக்குப் பத்து நிமிஷம் தாராளம். திருப்பலி நேரத்தில் போகாதீர்கள். மதியம் சாத்திவிடுவதும் உண்டு, நேரம் விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.