"எட்டே முக்கால் மணித்தியாலத்தில் லண்டன்": டிக்கட்டைக் கையில் வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

ஹட்டன் டவுனில் ஒரு கடை தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு விற்ற டிக்கட் இது. கட்டுநாயக்காவில் காலை 10.00க்குப் புறப்பாடு, தோஹாவில் 12.30க்கு இறக்கம், அங்கிருந்து 13.40, லண்டனில் 18.40. "பார்த்தீங்களா, எட்டே முக்கால் மணித்தியாலம்கூட இல்லை" என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள்.

டிக்கட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். தோஹா நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். லண்டன் கோடையில் நாலரை, ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. இது கோடைகால டிக்கட். 8 மணி 40 நிமிடத்தோடு நாலரையைக் கூட்டினால் 13 மணி 10 நிமிடம். அதுதான் உண்மையான பயணம்.

தூரத்தை வைத்தும் பிடிக்கலாம். கொழும்பிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் சுமார் 8,700 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மேலே ஏறியபின் மணிக்கு 900 அளவில் போகும். தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். டுபாய் 3,300 கிலோமீட்டர், நாலரை வரும். லண்டனுக்கு எங்கும் நிற்காமல் பறந்தாலே பதினொன்றுக்குக் கிட்ட. மேற்கே போகையில் எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கூடும், திரும்பி வரும்போது குறையும்.

நேரக்கணக்கு அறியாமை என்று விட்டுவிடலாம். விற்றது பறப்புக்கு ஒன்றாக இரண்டு தனி டிக்கட், அதைச் சொல்லாததுதான் மோசடி. தனி டிக்கட் என்றால் பெட்டி பெரும்பாலும் தோஹாவோடு நின்றுவிடும். குடிவரவைத் தாண்டிப் போய் எடுத்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். கவுண்டரோ பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடும். 70 நிமிட இடைவெளியில் முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்தாலும் நடக்காத காரியம். வந்ததோ 50 நிமிடம் பிந்தி. இரண்டாவது எயார்லைனுக்கு அவர் "வராத பயணி", அவ்வளவுதான். புது டிக்கட் சொந்தக் காசில். கடைக்காரர் "எயார்லைனைக் கேளுங்க" என்று கையை விரித்துவிட்டார். பற்றுச்சீட்டில் தொகையைத் தவிர ஒரு வரி இல்லை.

காசு கொடுக்குமுன் 13 இலக்க டிக்கட் நம்பரைப் பாருங்கள். இரண்டு பறப்புக்கும் ஒரே நம்பர் என்றால் ஒரே டிக்கட். ஆறு எழுத்து புக்கிங் குறியீடு மட்டும் தந்தால் அது இடம் பிடித்தது மட்டுமாக இருக்கலாம், டிக்கட் வெட்டியதாகாது. குறியீட்டையும் பெயரையும் எயார்லைனின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள், கடைக்காரரின் போனில் வேண்டாம்.

"விடிய முதல் பஸ்ஸைப் பிடிச்சாப் போதும்" என்றும் சொல்லியிருந்தார்கள். 10 மணி விமானத்துக்கு 7 மணிக்குக் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். ஹட்டனிலிருந்து நாலைந்து மணித்தியாலம், மழைக்காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கல பக்கம் மண் சரிந்தால் அதுவும் போதாது. நள்ளிரவு ஒரு மணிக்கே வேன் கிளம்ப வேண்டும், அந்த வாடகையையும் டிக்கட் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.