உழைத்தது பத்து வருடம், கழற்றும்போது கழுத்தறுப்பு

அலுவலகத்தைக் காலி செய்கிறோம், பழைய மேசை நாற்காலிகளை யார் எடுப்பார்கள் என்று நண்பர் கேட்டார். சுருக்கமான பதில்: இரும்பை எல்லோரும் எடுப்பார்கள், நாற்காலியைப் பிரித்துக் கொடுத்தால் எடுப்பார்கள், மேசையைச் சீண்டக்கூட ஆள் வராது.

மேசை என்று நான் சொல்வது பார்ட்டிகிள் போர்டு மேசையை. புழக்கத்தில் இருந்தவரை குறை சொல்ல வாயே வராது. 25 மி.மீ. மேல்பலகை, ஓரத்தில் 2 மி.மீ. பிவிசி பட்டை, டீ கிளாஸ் வைத்த வட்டம் ஈரத்துணியில் போய்விடும். வினை ஆரம்பிப்பது கழற்றும் அன்றுதான். பலகையின் உள்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் வட்டமான மினிபிக்ஸ், அதாவது இரண்டு பலகைகளைச் சேர்த்து இறுக்கும் உலோகப் பூட்டு, தெரியும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து இடப்பக்கமாக அரைச்சுற்று திருப்பினால் போதும், பிடி விட்டுவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை வழுக்கி, அப்புறம் எந்த ஸ்க்ரூடிரைவரும் நிற்காது. பிடி விட்டும் பலகை பிரியவில்லையா? உள்ளே 8 மி.மீ. மரக்குச்சிகளைப் பசை போட்டு அடித்திருக்கிறார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, ரப்பர் சுத்தியலால் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே போடாகப் போட்டால் குச்சியோடு ஒரு கைப்பிடி தூளும் சேர்ந்து வரும்.

கழற்றுவதாவது பரவாயில்லை. திரும்பப் பூட்டும்போதுதான் கோபம் தலைக்கேறும். இந்தப் பலகை மரத்தூளையும் சில்லையும் பிசின் கலந்து அழுத்தியது, மரத்தில் இருப்பதுபோல் நீள நார் கிடையாது. ஸ்க்ரூ ஒருமுறை இறங்கி ஏறிய துளையில் மறுபடி அதே இறுக்கம் வராது. பலகையின் ஓரத்தில் ஏற்றிய ஸ்க்ரூ என்றால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். துளையில் பசை விட்டுத் தீக்குச்சிகளைச் செருகிக் காயவைத்தால் சின்னக் கதவின் கீல் தாங்கும். மேசைக்கால் தாங்காது. தரை துடைத்த தண்ணீர் பட்டு அடிவிளிம்பு ஊதியிருந்தால் அந்தப் பலகையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

ஆகவே, யாருக்காவது கொடுப்பதென்றால் முழுசாகக் கொடுங்கள். வாசல் அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள். 1500-க்கு 750 மி.மீ. அளவுள்ள மேல்பலகை மட்டுமே ஏறக்குறைய 19 கிலோ இருக்கும். மேசையை இழுத்துக்கொண்டு போனால் மேசைக்கால் பூட்டிய இடம் அங்கேயே பிய்யும். கீழே உள்ள சட்டத்தைப் பிடித்து இரண்டு பேர் தூக்கவேண்டும். உடைந்த பலகையை அடுப்பில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், பிசினும் மேல்பூச்சும் எரிந்து வரும் புகை மூச்சுக்கு ஆகாது.

எதிர்பாராத சந்தோஷம் நாற்காலிதான். சீட்டுக்கு அடியில் நாலு போல்ட், கைப்பிடிக்குப் பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ, ஆலன் கீ எனும் அறுகோணச் சாவி ஒன்றிலேயே கழன்றுவிடும். சக்கரங்களை நேராக இழுத்தால் போதும், வெறுமனே செருகியதுதான். மாட்டிக்கொள்ளும் இடம் சீட்டை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர். போல்ட்டைத் தேடாதீர்கள், கிடையாது. கூம்பு வடிவத்தில் செருகி, உட்கார்ந்து உட்கார்ந்தே இறுகிப்போனது அது. நாற்காலியைப் படுக்கவைத்து, சக்கரங்கள் இருந்த அடிக்கட்டையின் நடுவில் தெரியும் குழாயின் விளிம்பில் இரும்புத் துண்டை வைத்துச் சுற்றிச்சுற்றி அடித்தால் அடிக்கட்டை கழலும். நடுவிலிருக்கும் கிளிப்பில் அடி விழக்கூடாது. நைலான் கால்களிலும் விழக்கூடாது, விரிசல் விடும். சிலிண்டரின் மேல்முனை சீட்டிலிருந்து வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு, பைப் ரென்ச் போடுங்கள். நிறையப் பேர் தடித்த வெளிக்குழாயைப் பிடித்துத் திருகுகிறார்கள், அது சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். லீவரை அழுத்திச் சீட்டை முழுக்க உயர்த்தினால் 28 மி.மீ. மெல்லிய குழாய் வெளியே வரும். அதைத்தான் பிடிக்கவேண்டும். உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது: அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தீயில் காட்டாதீர்கள். காயலான் கடைக்காரரிடமும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

இரும்பு ஃபைல் கேபினெட்டில் பேச அதிகமில்லை. ஒரு டிராயர் திறந்திருந்தால் மற்றது திறக்காது. முன்பக்கம் கவிழாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது, பூட்டு கெட்டுவிட்டதென்று நெம்பி உடைக்கவேண்டாம். டிராயர்களை முழுதாக வெளியே எடுத்துவிட்டே தூக்குங்கள், அப்படியே பின்பக்கம் விழுந்து கிடக்கும் காகிதங்களையும் பாருங்கள். சம்பளப் பட்டியல் எடைக்குப் போய்விடப்போகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு, அடுத்த மேசைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் இதே போர்டுதான் என்பேன். கைவைத்து எழுத அந்தச் சமதளம் வேறெதிலும் வராது. கேபினெட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வேண்டவே வேண்டாம். மாடிப்படியில் இன்னொன்றை இறக்க முதுகு ஒத்துழைக்காது.