வெனிஸில் 1ஆம் எண் படகு: அந்த ஊராரின் பஸ்

வெனிஸ் நகருக்குள் கார் இல்லை. வாப்பொரெட்டோ என்னும் படகுதான் அங்கே பஸ். கடந்த மே மாதம் தங்கை குடும்பத்தோடு நான்கு நாள் தங்கியிருந்தபோது காலையும் மாலையும் 1ஆம் எண் படகில்தான் போய்வந்தேன். பியாட்சாலே ரோமாவில் கிளம்பி, பெருங்கால்வாய் நெடுகத் துறைதோறும் நின்று, சான் மார்க்கோவைத் தாண்டி லீதோ தீவு வரை போகும்.

ஒரு முறை ஏற 9.50 யூரோ; அந்தச் சீட்டு 75 நிமிடத்துக்குச் செல்லும். நம் மொரீசியஸ் பணத்தில் ஏறக்குறைய 500 ரூபாய். நாங்கள் 45 யூரோ கொடுத்து 72 மணி நேர அட்டை வாங்கினோம். நாளுக்கு இரண்டு முறை ஏறினாலே அது லாபம். ஒவ்வொரு முறையும் ஏறுமுன் துறையில் உள்ள கருவியில் அட்டையைக் காட்ட மறக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் இதில் சிறு பங்குதான். தங்கையின் கணவருக்கு அது அநியாயமாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொரீசியஸில் 2005 முதல் நம் முதியோரும் மாணவரும் பஸ்ஸில் இலவசமாகத்தான் போகிறார்கள், வெளியூர்க்காரர் காசு கொடுக்கிறார்.

முதல் நாள் ரயில் நிலையத் துறையில் ஏறியதும், முதுகுப் பையைக் கழற்றாமல் வாசலருகே நின்று படமெடுக்கத் தொடங்கினேன். இருபுறமும் மாளிகைகள், கை ஓயவில்லை. சான் தோமா வந்தது. காய்கறி நிரம்பிய சக்கரப் பையோடு ஒரு மூதாட்டி இறங்க வேண்டும். என் பை வழியை அடைத்திருந்தது. அவர் இரண்டு முறை சொன்னதும் என் காதில் விழவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த படகுப் பணியாளர் கதவை மூடாமல் காத்திருந்து, அவர் பையைத் தூக்கி இறக்கிவிட்டார். என்னை யாரும் திட்டவில்லை. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இது அவருக்குப் பழகிப்போன ஒன்று என்பது புரிந்தபோதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

மொரீசியஸின் காத்ர் போர்ன் ஊரில் வளர்ந்தவள் நான். தைப்பூசக் காவடிக்கு மலைக்கோவிலில் சுற்றுலாப் பயணிகள் வந்து நிற்பதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் செருப்பைக் கழற்றி, ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். ஓராண்டு என் தம்பி மகனுக்குக் கன்னத்தில் வேல் குத்தும் நேரத்தில் ஒருவர் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை நீட்டினார். பத்து நாள் விரதம் இருந்த பிள்ளை கண்களை இறுக மூடிக்கொண்டான். அந்த மனிதர் கெட்டவர் அல்லர். தான் பார்ப்பதற்காகவே எல்லாம் நடக்கிறது என்று எண்ணிவிட்டார். சான் தோமாவில் நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

அன்று மாலை சான் பர்த்தோலோமியோ சதுக்கத்துக்குப் போனோம். அங்குள்ள மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் தீவு நகரின் மக்கள்தொகையைக் காட்டும் எண்பலகை இருக்கிறது. 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த இடம். இன்று 50,000 பேர்கூட இல்லை. காய்கறிப் பையோடு இறங்கிய அந்த அம்மா இந்த எண்ணில் ஒருவர்.

மறுநாள் முதல் பையைக் காலடியில் வைத்தேன். படகிலேயே அந்த அறிவிப்பு இருக்கிறது. 'போன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்லிவிட்டு ஏறினேன். சந்துகளில் வலப்பக்கமாக வரிசையாக நடந்தோம், பாலத்தின் நடுவில் நிற்கவில்லை. சான் மார்க்கோ சதுக்கப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கியிருந்த பிள்ளைகளை விடுதிக்கே அழைத்துப்போனேன். வழிகாட்டிகளோடு போகும் குழு 25 பேரைத் தாண்டக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று 2024இல் விதி வந்திருக்கிறது. நல்ல விதி.

படகு மெதுவாகத்தான் போகும். அவசரக்காரர்களுக்கு 2ஆம் எண் ஏற்றது. பகல் பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்க முடியாது. காலை ஆறரைக்கு ஏறுங்கள். காய்கறிப் படகும் குப்பைப் படகும் எதிரே வரும். ரியால்தோ மெர்காத்தோ துறையருகே மீன் சந்தை. ஞாயிறும் திங்களும் மீன் இருக்காது. சந்தையிலிருந்து எதிர்க்கரைக்குப் போக வாப்பொரெட்டோ வேண்டாம். சாந்தா சோஃபியா துறைக்கு ஊரார் நின்றபடியே கடக்கும் துடுப்புப் படகு இருக்கிறது. நமக்கு 2 யூரோ. சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிற்பவர் வேலைக்குப் போகிறவராக இருப்பார்.